செய்யூருக்கு பஸ் இல்லை

பார்வதம் சந்தேகப்படாத ஜீவன் ஒன்று உண்டென்றால் அது அவள் வீட்டு ஆடுதான். அதையும் முழுசாக நம்பினாள் என்று சொல்ல முடியாது. கயிற்றை அவிழ்த்தால் நேரே அடுத்தவன் வேர்க்கடலைக் கொல்லைக்குத்தான் போகும் என்பாள், அதுவும் போகும். ரேஷன் கடையில் எல்லோரும் தராசு முள்ளைப் பார்த்தால் இவள் கடைக்காரரின் கட்டைவிரலைப் பார்ப்பாள். கல்யாணமான புதிதில் தர்மராஜ் அவளுக்குப் பூ வாங்கி வந்தபோது, யாருக்கு வாங்கினது மிச்சமானது என்று கேட்டவள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒருவன் சும்மாவே இடம் கொடுத்து, சும்மாவே கஞ்சியும் ஊற்றினால் எப்படியிருக்கும்?

1998 தை மாதம் அவள் புருஷனைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்கு வந்தாள். அவர்கள் ஊர் செய்யூருக்குக் கிழக்கே, உப்பங்கழி ஓரம். வீட்டைவிடச் சவுக்கு மரம் அதிகம். தர்மராஜுக்கு சவுக்கு லோடு ஏற்றும் இடத்தில் எண்ணுகிற வேலை. வெட்டிய கழிகளை ஆட்கள் லாரியில் அடுக்க அடுக்க அவன் நின்று குரல் கொடுப்பான். முதல் கழிக்கு ஒன்று என்று சொல்லக்கூடாது, ‘லாபம்’ என்றுதான் தொடங்க வேண்டும். லாபம், ரெண்டு, மூணு என்று அவன் இழுத்தால் மூன்று தோப்பு தாண்டிக் கேட்கும். அந்தக் குரல் ஆறு மாதமாகக் கம்மிக்கொண்டே வந்து, இருமல் மருந்து பதினோரு பாட்டில் உள்ளே போய், கடைசியில் தொண்டையில் புற்று என்று தெரிந்தது.

டாக்டர் வசுமதி நறுக்கென்று சொல்லிவிட்டார். முப்பத்து மூன்று தடவை கதிர் வைக்க வேண்டும். சனி, ஞாயிறு தவிர தினம் வர வேண்டும். முடித்தால் ஆள் பிழைப்பான், குரலும் கொஞ்சம் மிஞ்சும். பாதியில் ஓடிப்போனால் வைத்ததும் வீண், மறுபடி முதலிலிருந்து வைக்கவும் முடியாது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் அதற்குக் ‘கரண்ட்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பார்வதம் மின்சாரத்தையும் நம்பாதவள். ஆனாலும் முதல் நாள் வைத்ததும் விரலை மடக்கி ‘லாபம்’ என்று எண்ணிக்கொண்டாள்.

தினம் செய்யூர் போய்வர அவன் உடம்பு தாங்காது. தங்க இடம் தேடியபோதுதான் ஏசுபாதம் வந்து சேர்ந்தார். காதில் பென்சில், கழுத்தில் கயிறு கட்டிய விசில், கக்கத்தில் ஒரு நோட்டு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சதுரங்கப்பட்டினம் பக்கத்தில் சொந்த வீடு இருந்தது, கல்பாக்கத்தில் மகனுக்கு வேலை. கடற்காற்று வாங்கிக்கொண்டு சும்மா உட்கார வேண்டிய மனுஷன், தினமும் பஸ் பிடித்து செங்கல்பட்டு வந்து, வெளியூர் புற்றுநோய்க்காரர்களை ராஜாராம் என்பவருடைய பழைய கல்யாண மண்டபத்தில் தங்கவைத்துக்கொண்டிருந்தார்.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் காரெல்லாம் நிறுத்துகிற மாதிரி புது மண்டபம் வந்துவிட்டதால் இந்த மண்டபத்துக்கு முகூர்த்தம் வருவது நின்றுபோயிருந்தது. வாசலில் ‘நல்வரவு’ தெர்மாகோல் எழுத்து மட்டும் தொங்கியது. நோயாளி ஆண்களுக்கு மணமகன் அறை, பெண்களுக்கும் கூட வந்த பெண்களுக்கும் மணமகள் அறை. ஒருநாள் தர்மராஜின் பக்கத்துப் பாய்க்காரர் கருப்பன், வந்தவாசிப் பக்கத்து ஆள், ‘இந்த வயசுல மறுபடி மாப்ள ரூம்ல படுக்க வெச்சிட்டாங்களே’ என்றார். சிரித்தால் தொண்டை வலிக்கும் என்பதால் அந்த அறையில் எல்லோரும் மூக்கால் சிரித்தார்கள்.

ஏசுபாதம் கஞ்சி ஊற்றுவதே ஒரு பஸ் ஓட்டம் மாதிரி இருக்கும். விசில் ஊதுவார். ‘உள்ள போ, உள்ள போ, படிக்கட்டுல நிக்காத’ என்று வரிசையைத் தள்ளுவார். நின்றபடியேதான் சாப்பிடுவார், அதுவும் தூணில் லேசாகச் சாய்ந்து, மண்டபம் எந்த நேரமும் வளைவில் திரும்பிவிடும் போல.

பார்வதம் முதல் வாரம் பைபிளுக்காகக் காத்திருந்தாள். பேர் ஏசுபாதம், கொடுப்பது இலவசம், அப்புறம் என்ன. எப்போது எடுப்பான், எடுத்தால் என்ன பதில் சொல்வது என்றெல்லாம் தயார் செய்து வைத்திருந்தாள். அவர் எடுக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து, சாம்பாரில் உப்பு போதுமா என்றுதான் கேட்டார். அதில்தான் அவள் சந்தேகம் முற்றியது. மதம் மாற்றுகிறவனாக இருந்தால் இந்நேரம் கேட்டிருப்பான். இவன் அதைவிடப் பெரிய ஆள்.

பெரிய ஆள் என்றால் கிட்னி. அந்த வருஷங்களில் ஊருக்கு ஒரு கிட்னிக் கதை இருந்தது. வேலை வாங்கித் தருகிறேன் என்று கூட்டிப்போய் இடுப்பில் தையலோடு திருப்பி அனுப்பினார்கள் என்று பஸ்ஸுக்குப் பஸ் பேசிக்கொண்டார்கள். இவர்கள் வந்த முதல் நாளே ஏசுபாதம் தர்மராஜின் ரத்தம் என்ன குரூப் என்று கேட்டு நோட்டில் எழுதியிருந்தார். அதனால் பார்வதம் தினமும் விடிந்ததும் மணமகன் அறை வாசலில் போய் நின்று, புருஷனை வெளியே கூப்பிட்டு, பனியனைத் தூக்கி இரண்டு பக்க விலாவையும் தடவிப் பார்ப்பாள். தர்மராஜ் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் இவ்வளவு ஆசையாகத் தொட்டதில்லை என்று கருப்பன் சாடை பேசினார்.

எல்லாவற்றையும்விட அவளை உறுத்தியது அந்தக் கோடு. கரண்ட் எங்கே விழ வேண்டும் என்று தெரிவதற்காக தர்மராஜின் கழுத்தில் இரண்டு பக்கமும் ஊதா மையால் கோடு போட்டிருந்தார்கள். முடியும்வரை அழியக்கூடாது, தண்ணீர் படக்கூடாது, எண்ணெய் கூடவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஏசுபாதம் தினம் காலையில் வரிசையாக எல்லோர் கழுத்தையும் குனிந்து பார்ப்பார். பார்த்துவிட்டு நோட்டில் குறிப்பார்.

சவுக்குத் தோப்பில் வளர்ந்தவளுக்கு இதற்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். வியாபாரி வருவான், நெஞ்சு உயரத்தில் சிவப்பு பெயின்டால் கோடு இழுப்பான், நோட்டில் குறிப்பான். கோடு விழுந்த மரம் நிற்கிற மரம் இல்லை. நாலு நாளில் அந்த இடத்தில் குழிதான் இருக்கும். சின்ன வயதில் குடிசையை ஒட்டி நின்ற ஒரு மரத்தின் கோட்டை அவள் அரிவாளால் சுரண்டிச் சேறு பூசிவிட்டாள். வியாபாரி எண்ணிக்கை இடறி அதை விட்டுப் போனான். அந்த மரம் இன்னும் இரண்டு வருஷம் நின்றது.

பத்தொன்பதாவது கரண்டில் தர்மராஜின் வாயெல்லாம் புண்ணாகிவிட்டது. கஞ்சித் தண்ணீரே கத்தி மாதிரி இறங்கியது. பேச்சு நின்று போய், ஊர்ப்பக்கம் கையைக் காட்டினான். வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். பார்வதம் இரண்டு நாள் போய் இருந்துவிட்டு வரலாம் என்று நினைத்து, செவ்வாய்க்கிழமை ஏசுபாதத்திடம் செய்யூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். மதுராந்தகத்தாண்ட பாலம் வேலை நடக்கிறது, பஸ் விடவில்லை என்றார். புதன்கிழமை கேட்டாள். டிரைவர் லீவு என்றார், கண்ணைப் பார்க்காமல்.

அதே புதன்கிழமை காலை கருப்பனின் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கருப்பன் இல்லை. எங்கே என்று கேட்டதற்கு ஏசுபாதம் நோட்டைத் திறந்து எதையோ எழுதி மூடினார். அன்று முழுக்க விசில் ஊதவில்லை.

கோடு போட்ட மரம். பாய் இருந்த இடம் காலி.

பார்வதம் ஆஸ்பத்திரி வாசலில் வாழைப்பழம் விற்கும் பொன்னியிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தாள்.

“செய்யூர் பஸ்ஸா? பதினொண்ணே முக்காலுக்குத் தெனம் போவுதே. நேத்து என் நாத்தனாரு அதுலதான் போனா,” என்றாள் பொன்னி.

“பாலம் வேல நடக்குதுன்னாங்களே?”

“எந்தப் பாலம்? உனுக்கு யாரு சொன்னது?”

யார் சொன்னது என்பதைப் பார்வதம் அவளிடம் சொல்லவில்லை. பொன்னியும் அந்த ஆளுக்கு வேண்டியவளாக இருந்தால்?

வியாழக்கிழமை இருபத்திரண்டாவது கரண்ட். மதியம் ஒரு மணிக்கு முறை. பத்தரைக்கே அவள் துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கி, புருஷனை டீ குடிக்கக் கூட்டிப்போகிற மாதிரி மண்டபத்தை விட்டுக் கிளம்பினாள். டீ குடிக்க முடியாதவனை எதற்கு டீ குடிக்கக் கூட்டிப்போகிறாள் என்று நல்லவேளை யாரும் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் செய்யூர் பஸ் நின்றது. உள்ளே மூன்று பேர், ஒரு கூடை கோழிக்குஞ்சு. ஏறப்போனபோது கண்டக்டர் கையைக் குறுக்கே நீட்டினான். இளவயசுக்காரன், சட்டையில் பெஞ்சமின் என்று பேர் குத்தியிருந்தான். அவன் பார்வதத்தைப் பார்க்கவில்லை. தர்மராஜின் கழுத்தைப் பார்த்தான்.

“யக்கா, எத்தினி ஆச்சு?”

“இன்னா எத்தினி?”

“கரண்ட்டு. முப்பத்து மூணு ஆயிட்ச்சா?”

பஸ் கண்டக்டருக்கு எப்படித் தெரியும் முப்பத்து மூன்று? பார்வதம் புருஷனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பெஞ்சமின் தலையைச் சொறிந்தான்.

“பஸ்ல எடம் இல்லக்கா.”

காலியாக நாற்பத்தைந்து சீட்டு கண்ணெதிரே இருந்தது. கோழிக்குஞ்சுகள்கூட இதை நம்பவில்லை, கீச்சென்றன. பெஞ்சமின் நேரக் காப்பாளர் அறைக்குள் போய் ஏதோ சொன்னான். உள்ளே இருந்தவர் இவர்களைப் பார்த்தபடியே போனை எடுத்தார்.

இதில் ஒரு டிப்போவே இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பஸ் பஸ்ஸாக ஆள் வைத்திருக்கிறான். கோட்டைப் பார்த்துத்தான் பிடிக்கிறார்கள். அப்படியானால் கோடு இருக்கக்கூடாது.

பெட்டிக்கடையில் தேங்காயெண்ணெய் சின்ன பாக்கெட் ஒன்று வாங்கினாள். புருஷனைத் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் இழுத்துப்போய், பல்லால் பாக்கெட்டைக் கிழித்து, முந்தானையில் ஊற்றி, அவன் கழுத்தின் வலப்பக்கத்தைத் தேய்த்தாள். மரத்தில் சுரண்டிப் பழகிய கை. வெந்திருந்த தோலில் பட்டதும் தர்மராஜ் குழாயைப் பிடித்துக்கொண்டான், சத்தம் வரவில்லை. ஊதா எண்ணெய் சட்டைக் காலரில் இறங்கியது. வலப்பக்கம் சுத்தமாகப் போய்விட்டது. இடப்பக்கத்துக்குத் திரும்பியபோது சைக்கிள் மணி கேட்டது.

ஏசுபாதம். யாருடைய சைக்கிளோ, அவருக்கு உயரம் போதவில்லை. இறங்கி அவள் விரலைப் பார்த்தார். பிறகு தர்மராஜின் கழுத்தைப் பார்த்தார். திட்டுவார், கையைப் பிடிப்பார் என்று பார்வதம் பையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவர் குழாயடிச் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். அந்த மனுஷன் உட்கார்ந்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“பாலம் வேல நடக்குதுன்ன. டிரைவரு லீவுன்ன. கருப்பன இன்னா பண்ண?” என்றாள்.

“கருப்பன் வந்தவாசி பஸ்ல ஓடிட்டாரு தங்கச்சி. அந்த ரூட்டுப் பசங்கள எனுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வுட்டிருக்க மாட்டேன்.”

“நாங்க போனா உனுக்கு இன்னா?”

அவர் விசிலைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார். பத்தொன்பது வருஷம் இதே செய்யூர் ரூட்டில் ஓடியவர். கழுத்தில், கன்னத்தில் ஊதாக்கோட்டோடு ஆட்கள் ஏறுவார்கள். வாய்ப்புண், வலி, வீட்டு நினைப்பு, ரெண்டு நாளில் வந்துவிடுவோம் என்பார்கள். அவர் டிக்கெட் கிழிப்பார். ஒரு தடவை கோட்டோடு ஒரு அம்மா பஸ்ஸைத் துரத்திக்கொண்டு வந்தது. பதினெட்டுக் கரண்டோடு போகிறது. இவர் பாவம் பார்த்து விசில் ஊதி, பஸ்ஸை நிறுத்தி, கைபிடித்து ஏற்றி, ஜன்னல் சீட்டில் இருந்தவனை எழுப்பி உட்காரவைத்தார். அது இறங்கும்போது மடியிலிருந்து ஒரு கை வேர்க்கடலை எடுத்துக் கொடுத்தது. அடுத்த ஸ்டாப் வருவதற்குள் தின்று தீர்த்தார்.

“பஸ்ல கீறவங்க அல்லாரும் சொன்னாங்க, கண்டக்டரு தங்கமான ஆளுன்னு. நல்ல பேரு வாங்கினேன். அந்தம்மா திரும்பி வர்றப்போ ஜன்னல் சீட்டு புடிச்சுத் தரலாம்னு பாத்துக்கினே இருந்தேன். வர்ல. அப்புறம் பழைய டிக்கெட்டு ஒவ்வொண்ணா நெனச்சுப் பாத்தேன். கோட்டோட போனவங்க ஒருத்தருக்கும் நான் திரும்பி வர்ற டிக்கெட்டு கிழிச்சதே இல்ல.”

“பேரு இன்னா அந்தம்மாவுக்கு?” என்றாள் பார்வதம். கதை சொல்கிறவன் பேரில்தான் தடுமாறுவான் என்பது அவள் கணக்கு.

“ஞானம்பாள். ஆறு மாசம் கழிச்சு அந்த ஸ்டாப்ல எறங்கி வெசாரிச்சேன்.” தடுமாறவில்லை.

நோட்டைக் கொடு என்றாள். கொடுத்தார். அஞ்சாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். இடது பக்கம் பேர், ஊர், எத்தனையாவது கரண்ட், எந்த பஸ். ரத்த குரூப் எதிரே, யாருக்கு எந்தத் தேதியில் ரத்தம் ஏற்றினார்கள் என்று இருந்தது. வலது பக்கம் மேலே ‘வந்தார்’ என்று தலைப்பு. அந்தப் பக்கத்தில் எழுத்தைவிட வெள்ளை அதிகம். கருப்பனுக்கு நேரேயும் வெள்ளை.

“பொய் சொன்னேன்தான். நாளைக்கும் யாரனா கேட்டா சொல்லுவேன்,” என்றார் ஏசுபாதம். “இப்போ மணி பதினொண்ணு முப்பத்தெட்டு. பஸ்ஸு பதினொண்ணே முக்காலு. இது நெஜம். ஏறணும்னா ஏறு, பெஞ்சமின்கிட்ட நானே சொல்றேன்.”

பொறி வைக்கிறவன் கதவைத் திறந்துவிடுவானா? மாட்டான். ஆனால் ரொம்பக் கெட்டிக்காரன் அதைத்தான் செய்வான். பார்வதம் அவர் முகத்தைப் பார்த்தாள், அவருடைய கட்டைவிரலைப் பார்த்தாள். அந்தப் பக்கம் டிரைவர் ஏறி எஞ்சினை முடுக்கினார். அவளால் முடிவுக்கு வர முடியவில்லை. நம்பிப் பழக்கமில்லாதவளுக்கு ஏழு நிமிஷத்தில் நம்பு என்றால் எப்படி?

தர்மராஜ் அவள் கையிலிருந்த பையை வாங்கினான். நாலு நாளாகப் பேசாதவன், ஒவ்வொரு சொல்லாகப் புண்ணுக்குள்ளிருந்து எடுத்துப் போட்டான்.

“பாதி லோடோட… லாரி போவாது.”

சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடக்க ஆரம்பித்தான். பெஞ்சமின் படிக்கட்டில் நின்றபடி அதைப் பார்த்துவிட்டு விசில் ஊதினான். பஸ் போய்விட்டது.

பார்வதம் ஏசுபாதத்திடம் கையை நீட்டினாள்.

“இன்னா?”

“அந்த விசில குடு. முப்பத்து மூணு முடியற வரிக்கும் எங்கிட்ட இருக்கட்டும்.”

எதற்கு என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. ஏதாவது ஒன்றை ஈடாகப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் அவளால் ஒரு ஆளோடு நடக்க முடியாது, அவ்வளவுதான். அவர் கயிற்றோடு கழற்றிக் கொடுத்தார். அவள் அதைச் சுருக்குப்பையில் போட்டு இரண்டு முடிச்சு போட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வசுமதிக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு பக்கம் கோடே இல்லாமல் எங்கே வைப்பது, மறுபடி அளந்து வரைய வேண்டும், இன்றைக்கும் நாளைக்கும் போச்சு, யார் அழித்தது என்று கேட்டார். பார்வதம் வாயைத் திறந்தாள். அதற்குள் ஏசுபாதம் முந்திக்கொண்டார்.

“நான்தான் டாக்டரம்மா. எண்ணெக் கிண்ணத்தத் தட்டி வுட்டுட்டேன்.”

நாலு வருஷமாக இங்கே வருகிறவருக்கு இதுகூடத் தெரியாதா என்று டாக்டர் அத்தனை பேர் முன்னால் கேட்டார். ஒரு வாரத்துக்கு வார்டுக்குள் வரக்கூடாது என்றார். அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். பார்வதத்தின் விரல் நகத்தில் ஊதா அப்படியே இருந்தது. அவள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, இந்த ஆளுக்குப் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று யோசித்தாள். முதல் தடவையாக அந்த யோசனையில் பயம் இல்லை.

அந்த ஒரு வாரமும் ஏசுபாதம் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே, பொன்னியின் பழக்கூடைக்குப் பக்கத்தில் நின்று, உள்ளே போகிறவர்களின் கழுத்தைப் பார்த்து அனுப்பினார். விசில் இல்லாததால் மண்டபத்தில் கஞ்சிக்குக் கை தட்டிக் கூப்பிட்டார். யாரும் சீக்கிரம் வரவில்லை. பார்வதம் கொடுக்கவில்லை. பனியனைத் தூக்கிப் பார்ப்பதையும் நிறுத்தவில்லை. நிறுத்துவதற்கு இப்போதைக்குக் காரணம் ஒன்றும் இல்லையே.

முப்பத்து மூன்றாவது கரண்ட் ஒரு செவ்வாய்க்கிழமை முடிந்தது. தர்மராஜ் பாதி இட்லியைப் பாலில் கரைத்து விழுங்கினான். பஸ் ஸ்டாண்டில் ஏசுபாதம் வந்து, செய்யூர் பஸ் மூன்று பத்துக்கு என்றார். பார்வதம் நேரக் காப்பாளரைக் கேட்டாள், பூக்காரியைக் கேட்டாள், போர்டையும் எழுத்துக் கூட்டினாள். மூன்று பத்துதான். அதற்கப்புறம் சுருக்குப்பை முடிச்சை அவிழ்த்து விசிலைக் கொடுத்தாள். பெஞ்சமின் தன்னுடைய விசிலை ஊதாமல் காத்திருந்தான். ஏசுபாதம் கீழே நின்று இரண்டு தடவை ஊத, பஸ் கிளம்பியது.

ஒரு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வந்தார்கள். கழுத்தில் தோல் கறுத்துப் போயிருந்தது, கோடு இல்லை. குரல் ஒரு தோப்பைக்கூடத் தாண்டாது, ஆனால் இருந்தது. மண்டபத்து வாசலில் கால் வைக்கும்போதே ஏசுபாதம் காதிலிருந்து பென்சிலை எடுத்து, நோட்டைப் புரட்டி, தர்மராஜின் பேருக்கு நேரே வலது பக்கம் ‘வந்தார்’ என்று எழுதினார். கருப்பனின் வரி இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

பார்வதம் குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள்.

“பென்சில்ல எய்திக்கிற,” என்றாள். “அழிஞ்சிடும். பேனா இல்லியா?”

அவரிடம் பேனா இல்லை. அவள் போய் ராஜாராமின் ஆபீஸ் மேசையிலிருந்து ஒன்றை எடுத்துவந்து கொடுத்து, அவர் எழுத்தின் மேலேயே எழுத்தை ஓட்டி முடிக்கும்வரை, கட்டைவிரலைப் பார்த்தபடி நின்றாள்.